ஏழு வயதில் தெரியும் கறை, இரண்டு வயதில் குடித்த தண்ணீர்

பென்னாகரம் பக்கத்திலோ பாலக்கோடு பக்கத்திலோ உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிள்ளைகள் சேர்ந்து சிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். சிலருடைய முன்பற்களில் சுண்ணாம்பை விரலால் தொட்டு இழுத்ததுபோல் மெல்லிய வெண்கோடுகள் குறுக்காக ஓடும். சிலருக்கு அந்த இடம் மஞ்சளாகவோ, டீக்கறை படிந்ததுபோல் பழுப்பாகவோ இருக்கும். பிள்ளை சரியாகப் பல் துலக்குவதில்லை என்று நினைக்கும் பெற்றோர், அடுப்புக் கரி, செங்கல் பொடி, உப்பு என்று கையில் கிடைப்பதைக் கொண்டு தேய்த்துப் பார்க்கிறார்கள். கறை போவதில்லை, ஈறுதான் புண்ணாகிறது. அந்தக் கறை பல்லின் மேல் படிந்த அழுக்கு அன்று. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்குள் ஏற்பட்ட குறை. அதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் தடுப்பூசி அட்டையைப் போலவே தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது என்பது என் கருத்து.

ஃபுளோரோசிஸ் என்பது, ஃபுளோரைடு என்ற தாது உப்பு அளவுக்கு மேல் உடலில் சேர்வதால் பல்லுக்கும் எலும்புக்கும் உண்டாகும் பாதிப்பு. நம் பகுதியில் அது பெரும்பாலும் குடிநீர் வழியாகவே வருகிறது. இங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது கடினமான பழம்பாறை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இயற்கையாகவே அடங்கியிருக்கிறது. பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி நிற்கும் நிலத்தடி நீர் அந்தக் கனிமங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. மழைநீரிலும் ஓடும் ஆற்று நீரிலும் ஃபுளோரைடு மிகக் குறைவு, ஏனென்றால் அந்த நீர் பாறையோடு அவ்வளவு காலம் உறவாடுவதில்லை. அதனால்தான் மழை பொய்த்து, கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்கும் வறட்சியான ஊர்களில் இந்தத் தொல்லை கூடுதலாகத் தென்படுகிறது.

இதில் பெற்றோரை ஏமாற்றிவிடக்கூடிய ஒன்று உண்டு. ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை. "எங்கள் போர் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சொல்லப்போனால், சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடின நீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்பதில்லை; பருப்பு எளிதில் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் மென்மையான தண்ணீரில்தான் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு. ஆகவே நாக்கை நம்பித் தண்ணீரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் உதவாது. உப்புக் கரிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவாகவும் தித்திக்கும் தண்ணீரில் அதிகமாகவும் இருக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. ஒரே தெருவில் நூறடி இடைவெளியில் உள்ள இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில்கூட இந்த அளவு வேறுபடும். பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் குறைவு என்று வந்தால், அந்தச் செய்தி பக்கத்து வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. அங்கே தண்ணீரைக் கொடுத்து அளவைத் தெரிந்துகொள்ளலாம். ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ள களப் பரிசோதனைப் பெட்டியில், தண்ணீரில் மருந்து சேர்த்ததும் தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு ஏறத்தாழ அளவைச் சொல்வார்கள். அது முதற்கட்டச் சோதனைதான், எல்லையை ஒட்டி முடிவு வந்தால் ஆய்வக முடிவையே நம்ப வேண்டும். கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்துக்குப் பிறகு ஒருமுறையும் பார்ப்பது நல்லது, நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அளவும் மாறும்.

பல்லுக்குள் நடப்பது என்ன?

பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்ற கடினமான உறை இருக்கிறது. உடலிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான். ஈறுக்குள் பல் உருவாகும்போது, அதற்கென்றே உள்ள செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சாரம் கட்டி, அதில் சுண்ணாம்புத் தாதுவை நிரப்பி, பிறகு அந்தப் புரதத்தை அகற்றிக்கொண்டே தாதுவைக் கெட்டிப்படுத்துகின்றன. கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்டு, அது இறுகியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் சாரத்தைப் பிரிக்கும் வேலை தாமதப்படுகிறது. புரதம் போக வேண்டிய இடத்தில் போகாமல் தங்க, எனாமல் முழுவதும் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட பல் வெளியே வரும்போது சுண்ணாம்புக் கட்டியைப் போல் ஒளியில்லாத வெண்மையாகத் தெரியும். பழுப்பு நிறம் பெரும்பாலும் பிறகு வருவது: அந்த நுண்துளைகளில் உணவின் நிறமும் டீயின் நிறமும் இறங்கி, ஆண்டு செல்லச் செல்லக் கறை ஆழமாகிறது. பாதிப்பு கடுமையாக இருந்தால் எனாமல் சிறு சிறு குழிகளாக உதிரவும் கூடும்.

இனி காலக்கணக்குக்கு வருவோம். குழந்தைக்கு ஏழெட்டு வயதில் முளைக்கும் மேல் முன்பல், அதற்கு முந்தைய ஆண்டில் உருவானதன்று. அதன் எனாமல் குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதங்களிலேயே உருவாகத் தொடங்கி, நான்கு ஐந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முதல் கடைவாய்ப்பல்லின் வேலை பிறக்கும் சமயத்திலேயே ஆரம்பித்து மூன்று வயதுக்குள் நிறைவடைகிறது. கண்ணுக்கு நேராகத் தெரியும் முன்பற்களைப் பொறுத்தவரை, ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரையிலான காலம் மிகவும் நுட்பமானது. ஞானப்பல்லைத் தவிர மற்ற நிரந்தரப் பற்கள் எல்லாவற்றுக்கும் எட்டு வயதுக்குள் எனாமல் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஃபுளோரைடு சேர்ந்தாலும் அந்தப் பற்களில் புதிதாக ஃபுளோரோசிஸ் கறை வராது. எலும்பின் கதை வேறு, அதைப் பின்னர் பார்க்கலாம். ஆக, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பல்லில் கறையைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தண்ணீரை மாற்றினால், அது அந்த முன்பல்லுக்குக் காலங்கடந்த மாற்றம். இந்த ஐந்து ஆண்டு இடைவெளியே பெற்றோருக்குக் காரணமும் விளைவும் இணைந்து தோன்றாமல் மறைத்துவிடுகிறது.

இதைக் கண்டறிந்த வரலாறும் இதே கணக்கைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-இல் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், வளர்ந்த பிறகு குடியேறியவர்களுக்கு அது வராததையும் கவனித்தார். ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில், தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வரத் தொடங்கியது என்று தாய்மார்களே அவரிடம் சொன்னார்கள். அவர் சொல்லி அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளுக்குள் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த பற்கள் கறையின்றி வந்தன. தண்ணீரில் உள்ள எந்தப் பொருள் காரணம் என்பது அப்போதும் தெரியாது. அது ஃபுளோரைடு என்பது 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளரின் ஆய்வில் வெளிப்பட்டது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் பகுதியில். பொருளின் பெயர் தெரிவதற்கு முன்பே, தங்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக் காரணத்தைச் சொன்னவர்கள் தாய்மார்கள் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது.

சிறு குழந்தைக்கு ஏன் பாதிப்பு கூடுதல் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளில் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் குடிப்பதும் உணவில் சேர்வதுமாக ஒரு லிட்டர் போகிறது. தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால், பெரியவருக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் கிடைக்கும், குழந்தைக்கு 0.3 மில்லிகிராம். ஒரே குடத்துத் தண்ணீர், ஆனால் குழந்தையின் உடலுக்கு இரு மடங்கு. போதாக்குறைக்கு, எலும்பு வளரும் வயதில் உடலில் சேரும் ஃபுளோரைடில் பெரும்பகுதி வெளியேறாமல் எலும்பிலேயே தங்கிவிடுகிறது.

பல்லில் தெரியும் எல்லா அடையாளமும் ஃபுளோரோசிஸ் ஆகிவிடாது. ஃபுளோரோசிஸ் வாயின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் உருவான சோடிப் பற்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். கோடுகள் குறுக்காக ஓடும். ஒற்றைப் பல்லில் மட்டும் ஒரு திட்டு இருந்தால், பால்பல்லில் அடிபட்டதோ வேறு காரணமோ இருக்கலாம். ஈறை ஒட்டியோ பல்லிடுக்கிலோ தொடங்கிக் குழியாகிக் கூசினால் அது சொத்தை. வேறுபடுத்திச் சொல்வது பல் மருத்துவரின் வேலை. அரசு மருத்துவமனைகளிலேயே காட்டலாம்.

எலும்பு பாதிக்கப்படுவது இதைவிட மெதுவாக நடக்கிறது. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்களுக்கு மூட்டு வலியும், கழுத்தும் இடுப்பும் வளைக்க முடியாத இறுக்கமும் வருகின்றன. கால்சியம் போதாத பிள்ளைகளுக்கு முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி கால் வளைவதும் உண்டு. கால் வளைவுக்கு வைட்டமின் டி குறைவு உட்பட வேறு காரணங்களும் இருப்பதால், நடை மாறியதாகத் தோன்றினால் நீங்களே பெயர் சூட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2008-09-இல் தொடங்கிய தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தருமபுரியும் சேர்க்கப்பட்ட மாவட்டம்தான்.

ஒகேனக்கல் தண்ணீரை எதற்கெல்லாம் வைப்பது?

இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைச் சுத்திகரித்துக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. ஊர்க் குழாயில் அந்தத் தண்ணீர் வருகிறதென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி அந்தத் தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது, வீட்டில் எதற்குச் செலவாகிறது என்பதில் இருக்கிறது. வரத்து போதாத நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்துவிட்டால், குழாயில் வருவது முழுக்க ஆற்று நீர் ஆகாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரும் ஆற்று நீரும் பாதிக்குப் பாதி கலந்தாலே ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் வந்துவிடும். அதனால் ஊர்த் தொட்டியில் எதை ஏற்றுகிறார்கள் என்று தொட்டி இயக்குநரிடமோ ஊராட்சி செயலரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

காரிமங்கலம் பக்கம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி செய்யும் ஏற்பாட்டை நான் பலருக்கும் சொல்வதுண்டு. ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கும் எவர்சில்வர் குடங்கள் இரண்டின் கழுத்திலும் சிவப்பு நூல் கட்டியிருப்பார். போர் தண்ணீர் எல்லாம் பிளாஸ்டிக் குடத்தில். நூல் கட்டிய குடத்துக்குச் சமையலறைக்குள் இடம், மற்றது கிணற்றடியோடு சரி. வீட்டுக்கு வரும் விருந்தாளி தாகத்துக்குத் தானே மொண்டு குடித்தாலும், பேரன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினாலும் குழப்பம் வராது. மருமகளிடம் அவர் போட்ட ஒரே சட்டம், களி கிண்டவும் நூல் கட்டிய குடத்துத் தண்ணீர்தான் என்பது.

அந்தச் சட்டத்தில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பல வீடுகளில் நல்ல தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, உலைக்குப் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு களியாக வேகும்போது இரண்டு, இரண்டரை டம்ளர் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அரிசி, பருப்பு, கஞ்சி, இட்லி மாவு, ரசம் எல்லாவற்றிலும் சமைக்கும் தண்ணீர் உணவாகவே வயிற்றுக்குள் போகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை டம்ளரில் குடிக்கும் தண்ணீரைவிடக் கஞ்சியிலும் பருப்புச் சாதத்திலும் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் அதிகமாக இருக்கலாம். நல்ல தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் நாளில், குழந்தைக்குப் பால் கலக்க, குழந்தை குடிக்க, குழந்தை சாப்பிடும் உணவைச் சமைக்க என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரால் தீங்கில்லை. தோல் வழியாக ஃபுளோரைடு குறிப்பிடத்தக்க அளவில் உள்ளே போவதில்லை.

அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை மதிய உணவை அங்கேதான் சாப்பிடுகிறது. அங்கே சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான். குறை சொல்லும் தொனியில்லாமல், கலந்து பேசும் விதத்தில் கேட்டால் பெரும்பாலான அமைப்பாளர்கள் தாங்களே முன்வந்து குழாயை மாற்றிக்கொள்கிறார்கள்.

கொதிக்க வைப்பதைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும். வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் தடுக்க அது அவசியம். ஃபுளோரைடு கிருமி அன்று, ஆகவே சாவதும் இல்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அது ஒன்றரை லிட்டராக வற்றினால், அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 மில்லிகிராமாக ஏறிவிடும். பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து அரை மணி நேரம் சுண்டக் காய்ச்சும் தாய், தெரியாமலேயே ஃபுளோரைடைக் கூட்டிக்கொடுக்கிறார். துணியில் வடிகட்டுவது, மெழுகுவத்தி வடிவ ஃபில்டர், குளோரின் மாத்திரை, புற ஊதா விளக்குக் கருவி, செம்புப் பாத்திரத்தில் ஊற வைப்பது, இவற்றில் எதுவும் ஃபுளோரைடை அகற்றாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு அகற்றும். அதன் சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், வெளிவரும் தண்ணீரை ஆண்டுக்கொரு முறையாவது பரிசோதிக்க வேண்டும், கழிவாகப் போகும் தண்ணீரைச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது. அந்தக் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும். செடிக்கு ஊற்றினாலும் கீரைப் பாத்திக்கு வேண்டாம், தரை கழுவலாம். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. அது அளவறிந்து ஊர் மட்டத்தில் செய்ய வேண்டியது, வீட்டில் ஒரு கட்டிப் படிகாரத்தைச் சுழற்றிவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதற்கில்லை. ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ கூரையைக் கழுவிவிட்டு, முதல் மழையை விட்டுப் பிடிக்கும் மழைநீர் ஃபுளோரைடைப் பொறுத்தவரை மிகச் சுத்தமானது. மூடி வைத்து, கிருமிக்காகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

வயதுக்கு வயது வேறுபாடு

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை எளிதான காலம். தாய் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தாலும், தாய்ப்பாலில் அது மிக மிகக் குறைவாகவே வருகிறது. இயற்கையே ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரே தேவையில்லை, சித்திரை வெயிலிலும் தேவையில்லை. "தொண்டை காயும், ஒரு சங்கு தண்ணீர் கொடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும்போது மறுத்துப் பேசுவது மருமகளுக்குச் சங்கடம்தான். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில் அவர் வாயாலேயே பாட்டியிடம் சொல்ல வைப்பது நல்ல உபாயம். புட்டிப்பால் தவிர்க்க முடியாத குழந்தைக்கு நிலைமை தலைகீழ். மாவைக் கரைக்கும் தண்ணீர்தான் அதன் முழு உணவும் என்பதால், அந்த வீட்டில் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு அளவைத் தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடவே கூடாது. பசும்பாலில் ஃபுளோரைடு குறைவு, அதில் கலக்கும் தண்ணீரில்தான் எச்சரிக்கை வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சி, கூழ், பருப்புத் தண்ணீர், சத்துமாவு என்று தொடங்கும்போது தண்ணீரும் உள்ளே நுழைகிறது. நான் மேலே சொன்ன நுட்பமான காலம் இதையடுத்து வருவது. டீயில் வர்க்கியைத் தொட்டு ஒரு வயதுக் குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் நம் பக்கம் அதிகம். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் செடி. அதைப் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். உணவிலுள்ள இரும்புச் சத்தையும் டீ உடலில் சேரவிடாது. குழந்தைக்கு டீ எந்த வயதிலும் அவசரமில்லை. கறுப்பு உப்பு தூவிய தின்பண்டங்களையும் பாக்கையும் பற்றியும் இதே எச்சரிக்கை உண்டு.

பற்பசை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஃபுளோரைடு விஷம் என்று பயந்து ஒதுக்குவதும் சரியில்லை. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு படும் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. தொல்லை விழுங்குவதில்தான். சிறு குழந்தைக்குத் துப்பத் தெரியாது, இனிப்பான பசையென்றால் விழுங்கவே பார்க்கும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்பதே பொதுவான வழக்கம். உங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகமென்று தெரிந்தால், எந்தப் பசை, எப்போது தொடங்குவது என்பதைப் பல் மருத்துவரிடம் அந்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் விளம்பரத்தில் வருவதுபோல் பசையைப் பிதுக்குவது எந்தத் தண்ணீர் குடிக்கும் குழந்தைக்கும் தேவையற்றது.

உணவில் கால்சியம் போதுமானதாக இருந்தால், குடலிலேயே அது ஃபுளோரைடோடு சேர்ந்து கரையாத உப்பாகி, ஒரு பகுதியை உடலில் ஏறவிடாமல் வெளியேற்றிவிடும். இந்த விஷயத்தில் நம் மாவட்டங்கள் கொடுத்து வைத்தவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களி தின்று வளர்ந்த ஊர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நல்ல தண்ணீரில் கிண்டினால் போதும். பால், தயிர், முருங்கைக்கீரை, எள், வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயும் கொய்யாவும் என்று சேர்த்துக்கொள்ளலாம். புளியைப் பற்றியும் ஒரு சுவையான ஆய்வு உண்டு: ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளி மாணவர் சிலருக்கு நாள்தோறும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்ததில், சிறுநீர் வழியாக ஃபுளோரைடு வெளியேறுவது கூடியதென 2002-இல் எழுதினார்கள். சிறிய ஆய்வு அது. புளியமரச் சாலைகளுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் என்பதற்காகப் புளியை மருந்தாக்கிவிட வேண்டாம், குழம்பில் இருந்தாலே போதும்.

ஒகேனக்கல் தண்ணீர் நாள்தோறும் வராத ஊர்களில் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறார்கள். ஃபுளோரைடைத் தவிர்க்கப் போய் டெங்குவை வரவழைத்துக்கொள்ளாமல், வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். தரைக்கீழ்த் தொட்டியின் மூடிக்குப் பூட்டு வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து, தலைகீழாக விழுந்தால் எழ முடியாது.

ஏற்கெனவே கறையோடு முளைத்துவிட்ட பல்லுக்கு வழி இல்லாமல் இல்லை. லேசான வெண்கோடுகளுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. பழுப்புக் கறைக்கு மேற்பரப்பை மிக மெல்லியதாக இழைப்பது, வெளுக்க வைப்பது, பல்நிறப் பசையால் முன்பக்கத்தை மூடுவது என்று கறையின் ஆழத்துக்கேற்பப் பல் மருத்துவர்கள் செய்கிறார்கள். எந்த வயதில் எது பொருந்தும் என்பதை அவர்களே சொல்வார்கள். அதுவரை கரியும் செங்கல்லும் வேண்டாம். பள்ளியில் கேலிக்கு ஆளாகிக் கையால் வாயை மறைத்துச் சிரிக்கத் தொடங்கிய பிள்ளையிடம், இது நீ பல் விளக்காததால் வந்ததில்லை, நம் ஊர்ப் பாறையிலிருந்து வந்தது என்று விளக்கிச் சொல்லுங்கள்; ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். மூத்த பிள்ளையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகும் அன்றே, வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ குடிக்கும் தண்ணீரிலிருந்தும் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். சின்னக் குழந்தையின் முன்பல் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.